நிலுவையைக் கேட்டு எழுதும் கடிதமும், யாரும் படிக்காத மெமோவும்

கேட்டவர் கோவைப் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர். ஒரு பம்ப் கம்பெனியின் வார்ப்புகளை வாங்கி, கடைசல் போட்டுத் திருப்பிக் கொடுக்கும் ஜாப் ஒர்க். மூன்று பில்கள் நாலு மாதமாக நிற்கின்றன. இரண்டு முறை நினைவூட்டு மெயில் போட்டும் பதில் இல்லை. "ஆர்டர் கெட்டுப்போகாமல், பணமும் வரும்படி எப்படி எழுதுவது? பட்டறையில் மெமோ ஒட்டினாலும் இதே கதிதான்" என்று கேட்டிருக்கிறார். எவ்வளவு பணிவாக எழுதலாம், எவ்வளவு கறாராக எழுதலாம் என்று நடையைப் பற்றிக் கேட்பதுபோலத் தோன்றினாலும், அவருக்குத் தெரிய வேண்டியது வேறு: பணம் எந்த மேசையில் நிற்கிறது என்று தெரியாத நிலையில், யாருக்கு, எதைச் செய்யச் சொல்லி எழுதுவது? மெமோ விஷயமும் இதோடு ஒட்டியதுதான், கடைசியில் வருகிறேன்.

பெரிய கம்பெனியில் உங்கள் பில் போகும் வழியை முதலில் பாருங்கள். வாசலில் செக்யூரிட்டி உள்வரவுப் பதிவேட்டில் எழுதுவார். ஸ்டோர்ஸ் சரக்கை எண்ணி, வந்து சேர்ந்ததற்கான ஜி.ஆர்.என். சீட்டு போடும். தரப் பரிசோதனை அளவு பார்த்து ஏற்கும் அல்லது சில உருப்படிகளைத் தள்ளும். கொள்முதல் பிரிவு பி.ஓ.வில், அதாவது கொள்முதல் ஆணையில், உள்ள விலையோடும் எண்ணிக்கையோடும் ஒப்பிடும். பிறகுதான் கணக்குப் பிரிவு பில்லை ஏற்றும். அதற்கும் பிறகு ஒப்புதல், வங்கி. நாலு மாதம் நிற்கும் பில்லைக் கணக்குப் பிரிவு மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு எழுதினால் கடிதம் வீண். பில் இன்னும் அவர்கள் கணினியிலேயே ஏறாமல் இருக்கலாம். 500 உருப்படிக்கு பில் போட்டிருப்பீர்கள், ஜி.ஆர்.என். 488க்கு நிற்கும், மீதி 12க்கான தொகையைக் கழிக்கும் டெபிட் நோட் வரவேண்டும், அதை யாரும் போடவில்லை. பி.ஓ.வின் காலம் முடிந்திருக்கும், அல்லது விலை திருத்தம் வாய்மொழியோடு நின்றிருக்கும். இன்னொன்று நம் பக்கத் தவறு: உங்கள் பில்களை அரசுக்குக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1ஐ மாதம் 11ஆம் தேதிக்குள் தாக்கல் செய்யாவிட்டால், 14ஆம் தேதி அவர்களுக்கு உருவாகும் 2பி பட்டியலில் உங்கள் பில் இராது. உள்ளீட்டு வரி (உங்களுக்குத் தரும் ஜி.எஸ்.டி.யைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்வது) கிடைக்காத பில்லுக்குப் பணம் விடக்கூடாது என்று பல கணக்குப் பிரிவுகள் வைத்திருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர் நீங்கள் என்றால், காலாண்டின் முதல் இரண்டு மாத பில்களை அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் ஐ.எஃப்.எஃப். வசதியில் ஏற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

பில் ஏறிவிட்டதா என்று அவர்களைக் கேட்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஜாப் ஒர்க் பில்லுக்கு டி.டி.எஸ். (அவர்களே பிடித்து உங்கள் பெயரில் கட்டும் வருமான வரி) பிடிப்பது பணம் தரும்போது மட்டுமல்ல. தங்கள் கணக்கில் உங்கள் பெயருக்கு வரவு வைக்கும்போதே பிடிக்க வேண்டும், இரண்டில் எது முந்தியதோ அப்போது. எனவே உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-ஐத் திறந்து பாருங்கள். ஜூன் காலாண்டுக்கான டி.டி.எஸ். அறிக்கைக்குக் கடைசி நாள் ஜூலை 31, செப்டம்பர் காலாண்டுக்கு அக்டோபர் 31. உங்கள் பில்லுக்குரிய தொகை அங்கே வந்திருந்தால் பில் ஏறிவிட்டது, பணம் ஒப்புதல் கட்டத்தில் நிற்கிறது. வராவிட்டால் ஸ்டோர்ஸ் அல்லது கொள்முதல் பக்கம் சந்தேகப்படுங்கள். அறிக்கையைத் தாமதமாகப் போடும் கம்பெனிகளும் உண்டு என்பதால், வரவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.

அடுத்தது ஒரு போன். "பணம் எப்போ வரும்?" என்று கேட்டால் "அடுத்த வாரம் சார்" என்ற பதில்தான் வரும். "118ஆம் நம்பர் பில் புக் ஆகிவிட்டதா? ஜி.ஆர்.என். நம்பர் என்ன? உங்கள் பேமெண்ட் தேதி எது?" என்று கேளுங்கள். இவை கணினியைப் பார்த்துச் சொல்லக்கூடியவை, யாரையும் சங்கடப்படுத்தாதவை. பேசி முடித்த அன்றே, பேசியதை நாலு வரியில் மெயிலாக அனுப்பிவிடுங்கள்: இன்று காலை இன்ன பிரிவில் பேசியபோது 118, 131 இரண்டும் ஏறிவிட்டன என்றும், 140க்கு ஜி.ஆர்.என். போடவில்லை என்றும், மாதம் 10, 25 தேதிகளில் பணம் விடப்படும் என்றும் சொன்னீர்கள். தவறு இருந்தால் தெரிவிக்கவும். அடுத்த எல்லாக் கடிதங்களுக்கும் "பார்வை" இந்த மெயில்தான்.

இப்போது கடிதம். படிக்கப் போகிறவர் ஒரு நாளைக்கு நூறு பில்களைப் பார்க்கும் கணக்கர். அவர் உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் வேலையை முடிக்கும்படி எழுத வேண்டும். பெரும்பாலான கடிதங்கள் சறுக்குவது தொகையில். வரிக்கு முன் ரூ.2,00,000, ஜி.எஸ்.டி. ரூ.36,000, ஆக ரூ.2,36,000 என்று நீங்கள் கேட்பீர்கள். தனிநபர் உரிமை நிறுவனத்துக்கு ஜாப் ஒர்க்கில் 1 சதவீத டி.டி.எஸ்., அதுவும் ஜி.எஸ்.டி.யைத் தனியாகக் காட்டியிருந்தால் அடிப்படைத் தொகைக்கு மட்டும். ஆக அவர்கள் லெட்ஜரில் நிற்பது ரூ.2,34,000. இரண்டாயிரம் ரூபாய் வித்தியாசம்தான். ஆனால் "கணக்கு ஒத்துவரவில்லை, சரிபார்க்க வேண்டும்" என்று உங்கள் கடிதத்தை ஓரமாக வைக்க அதுவே போதும். அவர்கள் லெட்ஜரில் என்ன தொகை நிற்குமோ அதையே கேளுங்கள். எப்படி வந்தது என்று ஒரு வரியில் காட்டுங்கள்.

பொருள் வரியில் தொகை, பில் எண்கள், பி.ஓ. எண், தேதி நான்கும் வரட்டும். வெறும் "நினைவூட்டல்" என்று போட்ட மெயிலைப் பிறகு தேடினால்கூட அகப்படாது. அக்டோபர் 15ஆம் தேதி எழுதுவதாக வைத்துக்கொண்டால் உடல்பகுதி இப்படிப் போகலாம்: "பொருள்: பி.ஓ. 4471, பில் 118, 131, 140, நிலுவை ரூ.2,34,000, 25 அக்டோபர் பேமெண்ட்டில் சேர்க்க வேண்டுதல். பார்வை: 13 அக்டோபர் தொலைபேசிப் பேச்சும் அதே நாள் மெயிலும். ஐயா, மேற்கண்ட பி.ஓ.வின்படி கடைசல் முடித்து ஒப்படைத்த வேலைக்கான மூன்று பில்களின் விவரம்: பில் 118, ஒப்படைத்த நாள் 4 ஜூன், கெடு 19 ஜூலை, டி.டி.எஸ். போக ரூ.81,900. பில் 131, ஒப்படைத்த நாள் 18 ஜூன், கெடு 2 ஆகஸ்ட், ரூ.93,600. பில் 140, ஒப்படைத்த நாள் 2 ஜூலை, கெடு 16 ஆகஸ்ட், ரூ.58,500. உங்கள் ஸ்டோர்ஸ் கையொப்பமிட்ட டெலிவரி சலான் நகல்கள் இணைப்பில் உள்ளன. 140க்கு ஜி.ஆர்.என். நிலுவையில் உள்ளதாகத் தெரிவித்தீர்கள்; அதன் சலான் நகலை ஸ்டோர்சுக்கும் இன்று அனுப்பியுள்ளோம். மூன்றையும் 25ஆம் தேதி பேமெண்ட்டில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். எதற்கேனும் ஆட்சேபணை இருந்தால் 20ஆம் தேதிக்குள் எந்த பில், என்ன காரணம் என்று எழுத்தில் தெரிவிக்கவும். எங்கள் வங்கிக் கணக்கில் மாற்றம் இல்லை. பில்லில் அச்சிட்டுள்ளதே தொடர்கிறது." கீழே பெயர், கைபேசி எண், குறு, சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு எண். அவ்வளவு போதும்.

வங்கிக் கணக்கு பற்றிய அந்தக் கடைசி வரி சும்மா வைத்ததல்ல. சப்ளையர் பெயரில் போலி மெயில் அனுப்பி, கணக்கு எண் மாறிவிட்டது என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக்கொள்ளும் மோசடி நடப்பதால், நினைவூட்டில் புதிதாக ஒரு கணக்கு எண்ணைக் கண்டால் கணக்குப் பிரிவு அப்படியே நிறுத்திவிடும். கணக்கை உண்மையிலேயே மாற்றியிருந்தால் அதை நிலுவைக் கடிதத்தோடு சேர்க்காமல், ரத்து செய்த காசோலையுடன் தனியாகத் தெரிவியுங்கள். இணைப்புகளை ஒரே பி.டி.எஃப். கோப்பாக, ஒவ்வொரு பில்லுக்குப் பின்னும் அதன் சலான் வரும்படி அடுக்குங்கள். கைபேசியில் சாய்த்து எடுத்த படங்களாகப் பத்து இணைப்பு போனால் யாரும் திறக்கப் போவதில்லை.

மொழி நடை. தமிழில் எழுதும்போது நம் கை தானாக மனு நடைக்குப் போய்விடுகிறது. "தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்", "தாங்கள் கருணை கூர்ந்து" என்பவை தாசில்தாரிடம் உதவித்தொகை கேட்கும் சொற்கள். செய்து கொடுத்த வேலைக்குக் கூலி கேட்பவருக்கு அவை வேண்டாம். மறுகோடியில் "பலமுறை நினைவூட்டியும் தாங்கள் கண்டுகொள்ளவில்லை" என்று தொடங்கினால், படிப்பவர் பில்லைத் தேடுவதை விட்டுத் தன் பக்க நியாயத்தைத் தேடத் தொடங்கிவிடுவார். "செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறோம்" என்ற வாக்கியத்துக்கு மரியாதையும் உண்டு, முதுகெலும்பும் உண்டு. "விரைவில்", "உடனடியாக", "ஆவன செய்யவும்" மூன்றையும் அடித்துவிடுங்கள். மூன்றிலும் தேதி இல்லை. ஆவன என்றால் எது என்றும் இல்லை. அந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவு ஆங்கிலத்தில் வேலை செய்கிறது என்றால் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள். கணக்கர் எந்த மொழியில் பில் ஏற்றுகிறாரோ அதுதான் கடிதத்தின் மொழி.

எத்தனை கடிதம், எத்தனை நாள் இடைவெளி என்பதற்குச் சட்டத்தில் கணக்கு கிடையாது. நடைமுறையில் ஒத்துவருவதைச் சொல்கிறேன். கெடுவுக்கு 5 நாள் முன்பு கணக்கு விவரம் மட்டும், கேட்காமல். கெடு தாண்டி 3ஆம் நாள் போன். 10ஆம் நாள் முதல் கடிதம், கணக்குப் பிரிவுக்கு, கொள்முதல் அதிகாரிக்கு நகலுடன். 25ஆம் நாள் வாக்கில் இரண்டாவது. 40 நாள் தாண்டினால் மூன்றாவது, கணக்குத் தலைவருக்கும் கொள்முதல் தலைவருக்கும் பெயரிட்டு. இந்த எண்ணிக்கையைவிட அவர்களின் பேமெண்ட் தேதி முக்கியம். 25ஆம் தேதி பணம் விடுபவர்கள் பட்டியலை 21, 22 தேதிகளில் மூடிவிடுவார்கள். 24ஆம் தேதி சேரும் கடிதம் அடுத்த மாதம் 10க்குத் தள்ளப்படும். சனிக்கிழமை மாலை அனுப்புவதைத் தவிருங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் போனஸ் பட்டுவாடா நடக்கும். அதற்கு இரண்டு வாரம் முன்பே கடிதம் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு கடிதத்திலும் முந்தையதை "பார்வை"யில் குறிப்பிடுங்கள், ஆனால் அதையே திரும்ப அனுப்பாதீர்கள். இரண்டாவது கடிதத்தில் புதிதாக ஒரு விவரமோ, வேறு ஒரு பெறுநரோ, ஒரு விளைவோ இல்லாவிட்டால் அது முதல் கடிதத்தின் மதிப்பையும் சேர்த்துக் கெடுக்கும்.

விளைவு என்று எதை எழுதுவது? இங்கே சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக நீங்கள் இருந்தால், 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதுவும் வேலையை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேற்படாமல், பணம் தர வேண்டும். எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் 15 நாள்தான். பி.ஓ.வின் பின்பக்கம் 90 நாள் என்று அச்சிட்டிருந்தாலும் 45ஐத் தாண்ட முடியாது. ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை வராவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்ற நாளாகிவிடும். கெடு தாண்டினால் 16ஆம் பிரிவுப்படி, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. பலர் இதில் ரெப்போ விகிதத்தைப் போட்டுத் தவறான தொகை எழுதிவிடுகிறார்கள். வங்கி விகிதம் வேறு. அது 5.5 சதவீதம் என்று வைத்தால் வட்டி ஆண்டுக்கு 16.5, மாதத்துக்கு 1.375 சதவீதம். ரூ.2,34,000 ஆறு மாதம் நின்றால் சுமார் ரூ.19,980. முதல் கடிதத்தில் இது வேண்டாம். இரண்டாவதில் சட்டத்தின் பெயரையும் பிரிவையும் ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும். மூன்றாவதில் பில்வாரியாக வட்டியைக் கணக்கிட்டு இணையுங்கள். அந்தத் தாளைப் பார்க்கும் கணக்குத் தலைவர் அசலையாவது உடனே தீர்க்க முயல்வார் என்பதுதான் இதன் பயன். வட்டி முழுதும் கைக்கு வரும் என்று எண்ணி எழுத வேண்டாம்.

மிரட்டாமல் அழுத்தம் தரும் செய்திகள் இன்னும் இரண்டு உண்டு. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், எடுத்த உள்ளீட்டு வரியை வாங்கியவர் வட்டியோடு திருப்ப வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டம். ஜூன் 4ஆம் தேதி பில்லுக்கு 180ஆம் நாள் டிசம்பர் 1. "118ஆம் பில்லுக்கு 180 நாள் டிசம்பர் 1 அன்று முடிகிறது" என்று ஒரு வரி, தகவலாக. கணக்கருக்கு அதன் பொருள் நன்றாகவே தெரியும். அடுத்தது வருமான வரி: 1961 சட்டத்தின் 43பி(எச்) பிரிவின்படி, 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டி நிற்கும் தொகையை, உண்மையில் செலுத்திய ஆண்டில்தான் செலவாகக் காட்டமுடியும். மார்ச் 31 அன்று நிலுவையாக நின்றால் அந்த ஆண்டு லாபம் அந்த அளவுக்குக் கூடிவிடும். ஆகவே பிப்ரவரி கடைசியில் போகும் கடிதத்துக்குத் தனி பலம். 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு என்பதால், எண்ணை எழுதுமுன் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் உறுதியாகச் சொல்ல முடியாத இடங்கள் உண்டு. வேலை முடிந்த பிறகு உத்யம் பதிவு செய்தவருக்குப் பழைய பில்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டா என்பதில் உச்ச நீதிமன்றத்திலேயே கருத்து ஒன்றாக இல்லை: 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் ஒப்பந்தத்துக்கு முன்பே பதிவு வேண்டும் என்றது, 2025 ஜனவரியில் இன்னொரு அமர்வு அதை ஏற்கத் தயங்கி, பெரிய அமர்வுக்கு அனுப்பியது. உங்கள் பதிவு பி.ஓ.வுக்கு முந்தியது என்றால் இந்தக் கவலை இல்லை. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் எண் இருந்தாலும் அது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டுமே என்று அரசு சொல்லியிருக்கிறது. ஜாப் ஒர்க் செய்கிறவருக்கு அந்தத் தடை இல்லை.

ஒரு தவறான நம்பிக்கையை இங்கே உடைத்தாக வேண்டும், ஏனெனில் அதனால் பணமே போய்விடும். "விடாமல் நினைவூட்டு அனுப்பிக்கொண்டே இருந்தால் கேஸ் உயிரோடு இருக்கும்" என்கிறார்கள். இல்லை. பாக்கிக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் காலவரம்பு, நீங்கள் நூறு கடிதம் எழுதினாலும் அது ஒரு நாளும் நீளாது. நீட்டுவது அவர்களின் எழுத்து: அந்த மூன்று ஆண்டு முடியுமுன் கையொப்பமிட்டு நிலுவையை ஒப்புக்கொள்வது, அல்லது ஒரு பகுதி செலுத்துவது. எனவே மார்ச் 31ஆம் தேதி நிலுவைக்கு "உறுதிச் சீட்டு" ஒன்றை ஆண்டுதோறும் அனுப்பி, கையொப்பம், முத்திரை, தேதியோடு வாங்கி வையுங்கள். தணிக்கைக்காக எல்லாரும் கேட்பதுதான் அது. யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மெயிலில் "ஆம், இவ்வளவு பாக்கி" என்று வந்த பதில் கையொப்பத்துக்கு ஈடாகுமா என்பதை வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும். எப்படியானாலும் அந்த மெயிலை அழிக்காதீர்கள்.

ஜாப் ஒர்க் செய்கிறவர்களுக்கு வரும் ஆசை இன்னொன்று: "உங்கள் வார்ப்பு எங்கள் கையில் இருக்கிறது, பணம் வந்தால்தான் வண்டி ஏறும்" என்று எழுதிவிடுவது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, உழைப்போ திறனோ செலுத்திய பொருளை, அந்தப் பொருளுக்கான கூலி வரும்வரை பிடித்துவைக்கும் உரிமையைத் தருகிறது. அந்தப் பொருளுக்கான கூலி மட்டும்தான். ஜூன் மாத பில்லுக்காக அக்டோபரில் வந்த வார்ப்பை நிறுத்த இந்தப் பிரிவு இடம் தராது. எதிர்த்தரப்பு அதையே உங்கள்மீது புகாராக்கலாம். புதிய வேலையை எடுக்காமல் இருப்பது வேறு, அது உங்கள் விருப்பம். "31 அக்டோபருக்குப் பிறகு புதிய வார்ப்புகளை முன்பணத்தின் பேரில் மட்டுமே ஏற்போம்" என்று எழுதலாம். எழுதினால் நவம்பர் 1 அன்று அப்படியே செய்யவும் வேண்டும். செய்யாத எச்சரிக்கை ஒன்று போனால், அடுத்து எழுதும் எல்லாத் தேதிகளும் காற்றில் போகும். போலீசில் புகார் தருவோம், அவர்களின் வாடிக்கையாளருக்கு நகல் அனுப்புவோம் போன்றவற்றை எந்தக் கட்டத்திலும் எழுதாதீர்கள்.

மூன்றாவது கடிதம் மெயிலில் மட்டும் போனால் போதாது. லெட்டர்பேடில் அச்சிட்டு, கம்பெனியின் பதிவு அலுவலக முகவரிக்கும் தபாலில் அனுப்புங்கள். 2025இல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது, எனவே ஸ்பீட் போஸ்ட்டில் பதிவு வசதியைக் கேட்டு அனுப்பி, ரசீதையும் சேர்ந்ததற்கான சான்றையும் பில்லோடு பின் அடித்து வையுங்கள். வாட்ஸ்அப் செய்திக்கும் மதிப்பு உண்டு, ஆனால் நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் தேவைப்படும். கைபேசியை மாற்றும்போது உரையாடலைத் தொலைத்துவிடாதீர்கள். இதன் பிறகும் அசையாவிட்டால், குறு, சிறு நிறுவனங்களின் நிலுவைப் புகார்களுக்கான அரசு இணையதளத்தில் மனு. 2006 சட்டப்படி அமைந்த, சப்ளையர் இருக்கும் இடத்துக் கவுன்சிலே விசாரிக்கும் என்பதால் கோவையிலேயே நடக்கும். சட்டம் 90 நாளில் முடிக்கச் சொல்கிறது. அதைவிட நீளும் என்று எதிர்பார்த்தே இறங்குங்கள். அந்தக் கம்பெனி ஆண்டு விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் என்றால், சிறு சப்ளையர்களின் பில்களை வைத்து வங்கிகள் முன்கூட்டியே பணம் தரும் டிரெட்ஸ் தளத்தில் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அரசு உத்தரவு. "பில்லை டிரெட்ஸில் ஏற்றுங்கள், நாங்கள் தள்ளுபடியில் பணம் பெற்றுக்கொள்கிறோம்" என்று மூன்றாவது கடிதத்தில் ஒரு வாசலைத் திறந்துவைப்பது ஆர்டர் உறவைக் காப்பாற்றும். ஆனால் காசே இல்லாத கம்பெனியிடம் எந்தக் கடிதமும் செல்லாது. பில் தொகையோடு ஒட்டாமல் பத்தாயிரம், இருபதாயிரம் என்று ரவுண்டு தொகையாக வருவதும், பேமெண்ட் தேதி மாறிக்கொண்டே போவதும், பின்தேதியிட்ட காசோலை நீட்டப்படுவதும் அதற்கான அறிகுறிகள். அப்போது கடிதத்தை மெருகேற்றிக்கொண்டு இருக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

இனி மெமோ. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கே ஒரு கறை உண்டு. "அவனுக்கு மெமோ குடுத்துட்டாங்க" என்றால் ஒழுங்கு நடவடிக்கை என்றே பொருள். வேலை முறையைச் சொல்லும் தாளுக்கு "மெமோ" என்று தலைப்பிட்டால், பையன்கள் அதைத் திட்டாக எடுத்துக்கொண்டு விலகிவிடுவார்கள். பொதுச் செய்திக்கு "அறிவிப்பு" அல்லது "சுற்றறிக்கை" என்று போடுங்கள். மெமோ என்பதை ஒருவரிடம் எழுத்தில் விளக்கம் கேட்கும் தருணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதைச் சுவரில் ஒட்டாமல் கையில் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். அடுத்த தவறு "அனைவரும்" என்ற சொல். அனைவரும் சலானைக் கொண்டுவர வேண்டும் என்றால் யாரும் கொண்டுவர மாட்டார்கள்.

இதை உங்கள் நிலுவையோடு சேர்த்தே சொல்கிறேன். மேலே சொன்ன 45 நாள், 15 நாள் ஆட்சேபணை, வட்டி, எல்லாமே ஒப்படைத்த நாளை வைத்தே கணக்காகின்றன. அந்த நாளுக்கு உங்கள் சாட்சி ஸ்டோர்ஸ் கையொப்பமும் முத்திரையும் உள்ள சலான் நகல் ஒன்றே. அது வண்டியின் டேஷ்போர்டில் கிடந்து வெயிலில் வெளுத்துப் போயிருந்தால் கடிதம் எவ்வளவு நன்றாக எழுதியும் பயனில்லை. ஆகவே முதல் அறிவிப்பு இதுவாக இருக்கட்டும்: "சலான் நகல். வண்டி ஓட்டுநர், பம்ப் கம்பெனியில் இறக்கியதும் ஸ்டோர்ஸ் கையொப்பம், முத்திரை, தேதி மூன்றும் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். அங்கிருந்தே படம் எடுத்துப் பட்டறை எண்ணுக்கு அனுப்ப வேண்டும். தாளை அன்று மாலை 6 மணிக்குள் அலுவலகத் தட்டில் போட வேண்டும். கையொப்பம் தர மறுத்தால் திரும்பாமல் அங்கிருந்தே போன் செய்ய வேண்டும். 16 அக்டோபர் முதல்." ஒரு விஷயம், ஒரு ஆள், ஒரு நேரம், தடங்கல் வந்தால் என்ன செய்வது என்பதும் சேர்த்து. ஓட்டுநர் ஒடிசாக்காரர் என்றால் தமிழில் ஒட்டிப் பயனில்லை. அவருக்குப் புரியும் மொழியில் வாயால் சொல்லி, கையொப்பமிட்ட ஒரு சலானை மாதிரிக்குக் காட்டுங்கள். இரண்டு வாரம் கழித்தும் நகல்கள் வராவிட்டால் அறிவிப்பைத் திரும்ப ஒட்டுமுன் காரணம் கேளுங்கள். ஸ்டோர்ஸ் 5 மணிக்கு மூடிவிட, உங்கள் வண்டி 5.30க்குப் போகிறது என்று தெரியவரலாம். அதற்கு வண்டி கிளம்பும் நேரத்தை மாற்ற வேண்டும், இன்னொரு தாள் ஒட்டித் தீராது.

இந்த மூன்று பில்களைப் பொறுத்தவரை, நாளை காலை 26ஏஎஸ்-ஐயும் ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கலையும் பாருங்கள், மூன்று சலான்களும் கையில் உள்ளனவா என்று தேடுங்கள். ஏதாவது ஒன்று இல்லாவிட்டால், பணம் கேட்குமுன் அந்த ஒன்றின் நகலை அவர்கள் ஸ்டோர்சிடம் கேட்டு ஒரு மெயில் போடுங்கள். அந்தப் பதிலில் ஒப்படைத்த தேதி வந்துவிட்டால், 45 நாளை எங்கிருந்து எண்ணுவது என்பது அவர்கள் எழுத்திலேயே உங்களிடம் இருக்கும்.